கடத்தல்காரன் என்றொரு சாதி

மலையாளிப் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் வாங்க எங்கள் சனம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். 'கடத்தல்காரன்' என்ற பட்டத்தை மட்டும் கேட்காமலே தருகிறார்கள், அதுவும் செத்த பிறகு.

2015 ஏப்ரல் 7. சேசாசலம் காட்டில் 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். பலர் எங்கள் சனம். கல்லெறிந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களை பஸ்ஸிலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் 5 பிணங்கள் மிதந்தன. எல்லாரும் கல்வராயன் மலை, கருமந்துறைப் பக்கத்து ஆட்கள்.

அரசு என்ன செய்தது? 2015-இல் தமிழக அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. ஆந்திர அரசு தன் போலீஸை விசாரிக்கத் தன் போலீஸையே நியமித்தது. தண்டனை வாங்கியவன் எவன்?

மரம் வெட்டப் போனது தப்புதானே என்கிறார்கள் நல்லவர்கள். தப்பென்றால் கோர்ட் இருக்கு, ஜெயில் இருக்கு. மரம் வெட்டினதுக்கு மரண தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கு? நான் மாரமங்கலத்தில் இருந்து கேட்கிறேன்: இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னுக்கு 'ஏற்காட்டின் தந்தை' என்று பேர். அந்தக் காப்பிக்காகக் காட்டை அழித்தவன் துரை. கூலிக்குக் கோடாலி பிடித்தவன் கடத்தல்காரனா?

காணாமல் போனவர்களை ஆண், பெண், வயது என்று பிரித்துக் கணக்குப் போடுகிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பழங்குடி என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. கனடாவில் காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக அமைத்த தேசிய விசாரணை, 2019-இல் அதை இனப்படுகொலை என்றே எழுதி 231 கோரிக்கைகளை வைத்தது. அமெரிக்காவில் இந்தக் கணக்கைச் சரிசெய்யவே 2020-இல் சவன்னா சட்டம் வந்தது. அங்கேயும் நீதி கிடைத்துவிடவில்லை. ஆனால் எண்ணாமல் தேட முடியாது என்பதையாவது ஒத்துக்கொண்டார்கள். இங்கே பிணம் கிடைத்தால்தான் ஆளே கணக்கில் வருகிறான்.

நஷ்ட ஈடு நீதி ஆகாது. கூலிக்குப் போய்த் திரும்பாதவனின் பெண்டாட்டி வந்தால், ஆந்திராவுக்குப் போ என்று விரட்டாமல் மலையடி ஸ்டேஷனிலேயே எஃப்.ஐ.ஆர். போடு. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகார் வாங்கணும் என்று 2024 முதல் சட்டமே சொல்கிறது. ஆள் பிடித்துப் போன ஏஜெண்டைப் பிடி. மலைக்கு மலை காணாமல் போனவர் பட்டியலைப் பகிரங்கமாக வை. சுட்ட போலீஸை வெளி அமைப்பு விசாரிக்கட்டும்; சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோ சுதந்திரமாக விசாரிக்கணும் என்றாவது 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தோழர்களே, வாச்சாத்தியிலும் சந்தனக் கடத்தல் என்றுதான் 1992 ஜூன் 20-இல் உள்ளே புகுந்தார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். 2011-இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு தானாகக் கொடுத்த நீதியில்லை அது. 19 வருசம் சாட்சிக் கூண்டு ஏறிய பெண்கள் பிடுங்கி எடுத்தது. சேசாசலத்துக்கும் அப்படித்தான் பிடுங்கணும். மாணவர்கள் நோட்டை எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள். முதல் பட்டியலை நாமே எழுதுவோம்.