பதில் சொல்ல வைக்கிற பேய்க்கதை



வாசகரே முடிவெடுத்துக் கதையை நகர்த்தும் திகில் நாவல்கள் இப்போது ஆங்கிலத்தில், செல்போனிலேயே வருகின்றன. பிள்ளைகள் படித்தால் அதட்டாதீர்கள். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவின் வேதாளமும் கதையைச் சொல்லிவிட்டுக் கேள்விதானே கேட்டது! விடை தெரிந்தும் விக்கிரமன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும்; சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். பிணத்தைவிட அந்தக் கேள்விதான் பயம். எது நியாயம் என்று நாமும் யோசித்தோம்.

நம் டெல்டாவுக்கும் அப்படியொரு நாவல் வேண்டும். நடுராத்திரி, கடைமடை, முறைத் தண்ணீர். பக்கத்து வயல் மடையை அடைப்பதா, விடுவதா? வாசகர் முடிவெடுக்கட்டும், விளைவை விடியலில் பார்க்கட்டும். எழுதத் தெரிந்த என் மாணவர்களே, தமிழில் ஒன்றை எழுதி முடித்து அறிவியுங்கள். முதல் வாசகன் நான்தான்.