டைவிங் படகுக்கு லாரி இன்ஜின் போதாது

ஓசூர்க்காரர்களுக்கு இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுப்பது கொஞ்சம் துணிச்சலான காரியம். 1980-இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை போட்டது. மத்தகொண்டப்பள்ளியில் கேட்டர்பில்லரின் டீசல் இன்ஜின் ஆலை இருக்கிறது. சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கிராங்க் அரைப்பவரும் லைனர் கடைபவரும் இரண்டு தலைமுறையாக அதையே செய்து வருகிறார்கள். அதனால் இந்த ஊர் மெக்கானிக் சொல்லும் கருத்துக்கு மலை இறங்கிக் கடற்கரை வரைக்கும் மதிப்பு உண்டு.

அப்படி இறங்கிப் போன ஒரு கருத்தைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியிலும் கர்நாடகத்து முருடேஸ்வரிலும் ஸ்கூபா டைவிங் தொழில் வளர்ந்திருக்கிறது. வார இறுதியில் அங்கே போய்க் கடலில் குதிப்பவர்களில் பெங்களூரு, ஓசூர்ப் பிள்ளைகள் கணிசம். சொந்தமாக ஒரு படகு விட நினைப்பவர் மெரைன் இன்ஜினின் விலையைக் கேட்டு மலைத்துப் போய் ஓசூரில் விசாரிக்கிறார். கிடைக்கும் பதில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “மெரைன்னு ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏத்துறாங்கண்ணே. உள்ளே இருக்கிறது நம்ம லாரி இன்ஜின்தான். நல்ல பிளாக்கா பார்த்து வாங்கி மாட்டுங்க, மத்தது தானா ஓடும்.”

பிளாக் ஒன்றுதான் என்பது பல இன்ஜின்களில் உண்மை. கருத்து இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கும் அந்தப் பாதி உண்மைதான் காரணம். மீதிப் பாதியை எடுத்துப் பார்க்கலாம்.

முதல் வாதம் எடையைப் பற்றியது. முப்பது டன் லாரியை இழுக்கிற இன்ஜினுக்கு ஆறேழு டன் படகு எம்மாத்திரம் என்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வரும் நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். சூளகிரிப் பக்கம் மேடு ஏறும்போது லாரி முக்குகிறது. ஏறி முடித்ததும் டிரைவர் கியரை மாற்றுகிறார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், சமதளத்தில் வண்டி தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் ஓடுகிறது. நாள் முழுக்க ஓடினாலும் அந்த இன்ஜின் தன் முழுத் திறனைக் கொடுப்பது சில நிமிடங்கள்தான். கடலில் இறக்கம் என்று ஒன்று இல்லை. படகுக்கு எப்போதும் மேடுதான், அதுவும் ஒரே கியரில். த்ராட்டிலைக் குறைத்த அடுத்த நொடியே தண்ணீர் படகைப் பிடித்து நிறுத்துகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. புரொப்பல்லர் கேட்கும் திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் முழுத் திறன் என்றால், 2,160 சுற்றில், அதாவது பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில், தேவைப்படுவது 73 சதவீதம். பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு போதும். இன்ஜின் கம்பெனிகள் ஒரே பிளாக்குக்கு நாலைந்து ரேட்டிங் அச்சடிப்பது இதனால்தான்: நாள் முழுக்க இடைவிடாமல் ஓட ஒன்று, சில மணி நேரத்துக்கு ஒன்று, பணக்காரர்களின் உல்லாசப் படகுக்கு இன்னொன்று. தொடர் உழைப்புக்கான எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். லாரியின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண்ணை அப்படியே படகுக்கு எடுத்துக்கொண்டால், லாரி ஒரு நாளும் கேட்காத வேலையை இன்ஜினிடம் ஒவ்வொரு நாளும் கேட்கிறோம் என்று பொருள்.

“ராமேஸ்வரத்திலும் காசிமேட்டிலும் லேலண்ட் ஓடலையா?” என்பது அடுத்த கேள்வி. ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஒழுங்காக ஓடுவது கடலுக்கென்று மாற்றி, ரேட்டிங் குறைத்து, மெரைன் கியர் பாக்ஸோடு வந்த இன்ஜின். அசோக் லேலண்டே தன் இன்ஜின்களை மெரைன் வடிவில் தனியாக விற்கிறது. ஸ்டிக்கர் மட்டும்தான் வித்தியாசம் என்றால் அந்த கம்பெனிக்கே அந்த வேலை தேவைப்பட்டிருக்காது. புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளும்போது ஷாஃப்ட் வழியாகப் படகையும் முன்னே தள்ளுகிறது. அந்த உந்துவிசையைத் தாங்கும் பேரிங் மெரைன் கியர் பாக்ஸில் உண்டு, லாரியின் கியர் பாக்ஸில் கிடையாது. ஷாஃப்ட் சாய்வாக இறங்குவதால் இன்ஜினும் சாய்ந்தே உட்காரும், அலையில் மேலும் ஆடும். லாரிக்கு வடிவமைத்த சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதன் பிறகு பேரிங்கின் ஆயுள் எவ்வளவு என்று ஓசூரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தவிர, விசைப்படகு வலையை இழுக்கும் படகு. பெரிய புரொப்பல்லர், மெதுவான சுழற்சி, இன்ஜினின் ஒவ்வொரு சத்தத்தையும் தெரிந்த ஆட்கள். டைவிங் படகில் ஏறுபவர்களில் பலர் முதல் முறை கடலுக்கு வருபவர்கள். நீச்சலே தெரியாதவர்களையும் பயிற்றுநர் கைப்பிடித்து இறக்குகிறார். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

கூலிங் பற்றி எல்லோரும் எளிதாகப் பேசுவார்கள்: சுற்றிலும் தண்ணீர், ரேடியேட்டர் செலவே மிச்சம். கடல்நீரை நேராக பிளாக்குக்குள் விட்டால் வார்ப்பிரும்பு அரிக்கும். சூடான இடங்களில் உப்பு படிந்து வழியை அடைக்கும். ஆகவே உள்ளே நன்னீர் மூடிய சுற்றில் ஓட வேண்டும், கடல்நீர் வெளியே ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் ஓட வேண்டும், கடல்நீரை இழுக்க ரப்பர் இம்பெல்லர் பம்ப் வேண்டும், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டுகள் வேண்டும். இவை பலருக்கும் தெரிந்தவைதான். பலர் மறப்பது இன்டர்கூலரை. இன்றைய டர்போ லாரியில் அது முன்பக்கம் எதிர்க்காற்றில் குளிர்கிறது. மூடிய இன்ஜின் அறையில் எதிர்க்காற்று ஏது? அங்கே கடல்நீரால் குளிரும் ஆஃப்டர்கூலர் வைக்காவிட்டால் சூடான காற்றே சிலிண்டருக்குள் போகும். இன்ஜின் அறையின் காற்று 45 டிகிரி, கடல்நீர் 32 டிகிரி என்று வைத்துத்தான் கப்பல் தரச்சான்று அமைப்புகள் இன்ஜின் திறனைக் கணக்கிடுகின்றன. ஓசூரின் குளுகுளு காலையில் டெஸ்ட் பெட்டில் சமர்த்தாக ஓடிய இன்ஜின் மே மாதக் கடலில் வேறு முகம் காட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் தண்ணீர் உறையால் மூட வேண்டும். ஃபைபர் படகுக்குள் பழுக்கச் சூடான இரும்பைத் திறந்து வைப்பது தீயை அழைப்பதற்குச் சமம்.

புது லாரி இன்ஜினை வாங்கினால் இன்னொரு தலைவலி. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 இன்ஜின்கள் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில், புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளோடு இணைந்து ஓடுபவை. வண்டியின் சென்சார்கள் இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் குழம்பித் திறனைக் குறைத்துவிடும். எனவே நடைமுறையில் கைக்கு வருவது புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய, முன்கதை தெரியாத இன்ஜின்தான்.

அடுத்தது, குதிரைத்திறன் கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கை. நீரை ஒதுக்கிக்கொண்டு போகும் சாதாரணப் படகுக்கு இயல்பான வேக எல்லை ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை ‘நாட்’ கணக்கில் கிடைக்கும். 30 அடிக்கு 7.3 நாட், மணிக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர். முருடேஸ்வரிலிருந்து நேத்ராணித் தீவு சுமார் 19 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். இந்தப் படகில் இன்ஜினை இரட்டிப்பாக்கினால் பெரிதாவது பின்னால் எழும் அலையும் டீசல் பில்லும்தான். முக்கால் மணியில் போய்ச் சேர வேண்டுமென்றால் மாற்ற வேண்டியது படகின் உடல். நீர்மேல் எழும்பி ஓடும் இலகுவான உடல், அதற்கேற்ற எடை குறைந்த இன்ஜின். அங்கே கனத்த லாரி பிளாக் முதலிலேயே தோற்றுவிடும். மீன்பிடிப் படகுகளுக்குத் தமிழ்நாட்டு விதிகள் 240 குதிரைத்திறன் என்று எல்லை வைத்திருப்பதற்குக் காரணம் மீன்வளம். டைவிங் படகுக்காரர் தன் எல்லையைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் படகுக்கும் பொருந்தும். டைவிங் படகின் தனிச் சிக்கல் வேறு, லாரி இன்ஜின் கட்சிக்காரர்கள் அதைப் பேசி நான் கேட்டதில்லை. டைவிங் படகின் இன்ஜின் தன் முக்கியமான வேலையைச் செய்வது ஓடும்போது அல்ல. ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது.

பவளப்பாறைமேல் நங்கூரம் போட்டால் பாறை உடையும். மிதவை கட்டிய இடமாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் படகு ஆட்களின் காற்றுக்குமிழியைப் பின்தொடர்ந்து மெதுவாக நகர வேண்டும். கியரைப் போடு, எடு, கொஞ்சம் பின்னால் வா, நில் என்று ஒரு மணி நேரம். தேவைக்கு மேல் பெரிய டீசல் இன்ஜின் ஐடிலிங்கிலேயே, கியர் விழுந்த உடனே, படகை மூன்று நான்கு நாட் வேகத்தில் தள்ளும். தண்ணீரில் மனிதத் தலை தெரியும்போது அது மெதுவான வேகமே அல்ல. சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் சரியாகச் சூடாகாது. எரியாத எண்ணெய் கரியாகப் படியும், லைனர் பளபளத்து வழுக்கும், புகை கக்கும். அந்தப் புகை படகின் பின்பக்கம் சுழன்று மேல்தளத்துக்கே வரும். சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸர் படகிலேயே இருந்தால் அதன் காற்றுக்குழாய் வாயில் புகை புகக் கூடாது. சுவாசக் காற்றில் கார்பன் மோனாக்சைடுக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிப்பது பத்து லட்சத்தில் 5 பங்கு. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு, அந்த விஷத்தின் பகுதியழுத்தமும் மூன்று மடங்கு.

கடைசியில் ஏணி இறங்குகிறது. முதுகில் சிலிண்டரோடு, களைத்துப்போய், அலையில் ஆடியபடி ஒருவர் படகின் பின்பக்கம் வருகிறார். கியர் நியூட்ரலில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தேய்ந்த கிளட்ச் பிளேட்டுள்ள கியர் பாக்ஸில் நியூட்ரலிலும் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும். கைபட்டு லீவர் நகர்ந்தால் சுற்றியே தீரும். ஏணி தண்ணீரில் இருக்கும்வரை இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், வேறு பேச்சே இல்லை. ஆனால் இன்ஜினை அணைக்கப் படகு ஓட்டுநர் பயப்படுகிறார். அணைத்தால் மறுபடி பிடிக்குமா? அந்தச் சந்தேகம் இருக்கும் படகில் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், எவ்வளவு சட்டம் பேசினாலும். ஆகவே டைவிங் படகுக்கு இன்ஜின் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதன் உச்ச வேகத்தை அல்ல, ஒரு நாளைக்கு இருபது முறை அணைத்தாலும் இருபது முறையும் முதல் திருப்பிலேயே பிடிக்குமா என்பதை. ஸ்டார்ட்டருக்கென்று தனி பேட்டரி, விளக்குக்கும் வயர்லெஸுக்கும் வேறு பேட்டரி, உப்புக்காற்றைத் தாங்கும் வயரிங். பழைய லாரி இன்ஜினை அரித்த வயரோடு மாட்டியவருக்குச் செலவு மிச்சமாவது இந்த இடத்தில்தான். ஆபத்து வந்து உட்காருவதும் இதே இடத்தில்தான்.

“ஒன்றுக்கு இரண்டாக மாட்டிவிட்டால் பயமில்லை” என்பாரும் உண்டு. இரண்டு இன்ஜின் நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே டேங்கிலிருந்து, ஒரே ஃபில்டர் வழியாக டீசல் குடித்தால், தண்ணீர் கலந்த டீசல் இரண்டையும் ஐந்து நிமிட இடைவெளியில் நிறுத்திவிடும். சின்னப் படகுக்கு ஒரு தரமான மெரைன் டீசலும், தனி டேங்கோடு கரைசேர்க்கும் அளவுக்கு ஒரு சிறிய அவுட்போர்டும் போதும் என்பது என் கணிப்பு. அந்த அவுட்போர்டின் பெட்ரோலை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும்.

ஏத்தர், ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் வந்த பிறகு மின்சாரப் படகைப் பற்றியும் இந்தப் பக்கம் பேச்சு கிளம்பியிருக்கிறது. 2017-இல் கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ சூரிய மின்படகு 75 பயணிகளை ஏற்றுகிறது. இரண்டு 20 கிலோவாட் மோட்டார், 50 கிலோவாட்-மணி பேட்டரி. அது காயலுக்குள் சின்ன தூரம். நேத்ராணிக்குப் போய்வர 38 கிலோமீட்டர், திறந்த கடல், எதிர்க்காற்று. அந்த இரு மோட்டாரும் முழுத் திறனில் ஓடினால் ஒன்றேகால் மணியில் பேட்டரி காலி. புதுச்சேரியில் கரைக்கு அருகிலுள்ள இடங்களுக்கு ஒருநாள் சரிப்படலாம், இன்றைக்கு இல்லை.

“மாட்டி ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்” என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிஃபன்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘நீல்கமல்’ பயணிகள் படகில் மோதியது, இன்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப்படகு. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சோதனை ஓட்டம் பயணிகள் நடமாடாத நீரில், பயணிகளை ஏற்றாத படகில் நடக்க வேண்டும்.

ஓசூர்க் கட்சியின் பலமான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்: ஸ்பேர். வெளிநாட்டு இன்ஜினுக்கு ஒரு பாகம் வர வாரக்கணக்கில் காத்திருந்தால் சீசன் போய்விடும். மேற்குக் கரையில் மழைக்காலம் தவிர்த்து மீதி மாதங்கள்தான் தொழில். இங்கே தயாராகும் இன்ஜினுக்கு லைனரும் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கிடைக்கும். இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், இந்திய இன்ஜினை வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் கடலில் படகை நிறுத்துவது பிஸ்டன் அல்ல. பெரும்பாலும் கிழிந்த இம்பெல்லர், அடைத்த கடல்நீர் ஃபில்டர், நீர் புகுந்த டீசல், அரித்த பேட்டரி முனை. இவற்றில் ஒன்றுகூட லாரி ஸ்பேர் கடையில் தீர்கிற விஷயம் இல்லை. எனவே ஓசூர் பிளாக்கையே வாங்குங்கள், கம்பெனியே மெரைனாக மாற்றித் தருவதாக, தொடர் உழைப்பு ரேட்டிங் காகிதத்தோடு. கூடவே இரண்டு இம்பெல்லர், பெல்ட் ஒரு செட், டீசல் ஃபில்டர் நாலு, இவற்றைப் படகிலேயே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை ஓட்டுநரிடம் கொடுங்கள், முதலாளியிடம் வேண்டாம்.