சிறிய அணு உலை வரும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: சிறிய அணு உலைகள் வரப்போகின்றன, இரவு பகலாக மும்முனை மின்சாரம் கிடைக்கும் என்கிறார்கள். தென்னந்தோப்பில் உள்ள போருக்கு சோலார் பம்ப்செட் போட இருந்தேன். காத்திருக்கலாமா?
– வாசகர், அதிராம்பட்டினம்

பதில்: காத்திருக்க வேண்டாம் ஐயா. செய்தி உண்மைதான். 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் இதற்கென 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் குறைந்தது 5 சிறிய உலைகளை இயக்குவதாக அறிவித்தார்கள். நாடு முழுவதற்கும் 5. உலகிலேயே இன்று மின்சாரம் தருபவை சிலதான். ரஷ்யாவில் கப்பல் போல மிதக்கும் உலை 2020 முதல் ஓடுகிறது. சீனாவில் ஒன்று 2023 இறுதியில் வணிக உற்பத்திக்கு வந்தது.

'சிறிய' என்றதும் டிரான்ஸ்பார்மர் அளவுக்கு நினைக்க வேண்டாம். 300 மெகாவாட் வரை சிறியதுதான். கல்பாக்கத்தில் 1980-களில் தொடங்கிய உலைகளே தலா 220 மெகாவாட். 200 மெகாவாட்டில் 5 எச்.பி. மோட்டார்கள் 40,000-க்கும் மேல் ஓடும். பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து பொருத்துவதுதான் புதுமை. அந்த மின்சாரமும் பொதுக் கம்பி வழியாகத்தான் உங்கள் தோப்புக்கு வரவேண்டும். 2018 கஜா புயலில் நாம் இருட்டில் கிடந்தது உற்பத்திக் குறைவாலா? கம்பங்கள் சாய்ந்ததால்தானே!

ஆனால் மின்சாரத்தைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் தண்ணீர். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. சோலாரானாலும் அணுவானாலும், காசில்லாத மின்சாரம் மோட்டாரை நிறுத்த மனம் வராமல் செய்யும்.

எனவே முதலில் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் நீர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்ப்பது நல்லது. போரை மேலும் ஆழப்படுத்த வேண்டாம். சொட்டுநீர் அமைத்து, தென்னை மட்டையால் மூடாக்கு போடுங்கள்.

பிறகு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் சோலார் பம்ப்செட் மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்திருந்தால், அந்த மூப்பு என்னவாகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சோலார் தகடுகளின் தாங்கிகளுக்கு ஆழமான கான்கிரீட் அடித்தளம் அவசியம். நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியாததா!

அணு உலை வரும்போது வரட்டும். அதுவரை போரில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.