பெயர்ப்பலகை மட்டும் போதுமா? ஆர்மீனியர் கதையும் நம் தோட்டங்களும்

காஜாங் – பினாங்குக்குச் சுற்றுலா போய் வந்த நம்மவர்கள் பலரின் கைப்பேசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் சுவரோவியத்தின் அருகில் நின்று எடுத்த படம். அந்தச் சுவர் இருக்கும் தெருவின் பெயர் லெபோ ஆர்மீனியன். அங்கே கடை வைத்திருப்பவர்கள் வேறு, வருபவர்கள் வேறு. தெருவுக்குப் பெயர் கொடுத்த ஆர்மீனியர்களை மட்டும் அங்கே பார்க்க முடியாது.

காஜாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது புதிய காட்சி அல்ல. மலாயாவில் வணிக முறையில் ரப்பர் முதன்முதலாக நடப்பட்ட தோட்டங்களில் காஜாங் இன்ச் கென்னத் தோட்டமும் ஒன்று. அது 1890-களில் நடந்தது. காஜாங், செமினி, பாங்கி எங்கும் பால் மரங்கள் நின்ற இடத்தில் இன்று தாமான்களும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர் மிஞ்சியிருந்தால், அது ஒரு தமிழ்ப்பள்ளியின் பலகையிலோ ஓர் ஆலயத்தின் வாசலிலோதான் இருக்கும்.

பெயர் மட்டும் மிஞ்சினால் போதுமா? இந்தக் கேள்விக்கு ஆர்மீனியர்களின் வரலாற்றில் பதில் தேடலாம்.

மதராஸில் அச்சான கனவு

ஆர்மீனியா காக்கேசியப் பகுதியில் உள்ள சிறிய மலைநாடு. கி.பி. 301-இல் கிறிஸ்துவத்தை அரச சமயமாக ஏற்ற நாடு என்பது அவர்களின் பெருமை. 405-ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி அவர்களின் மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். அதன் பிறகு பாரசீகர், துருக்கியர், ரஷ்யர் என ஆட்சிகள் மாறின. எழுத்து மாறவில்லை.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்ற ஊரின் ஆர்மீனியர்களைக் கூண்டோடு பெயர்த்து இஸ்பஹானில் குடியேற்றினார். அந்த மக்கள் வணிகர்களாகக் கடல் கடந்தார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த ஊர் மதராஸ். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். 1794-இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' அச்சானதும் மதராஸில்தான். சுதந்திர ஆர்மீனியாவுக்கான ஓர் அரசியல் சட்ட வரைவையும் அங்குள்ள ஆர்மீனிய வணிகர்கள் அச்சிட்டார்கள். நாடே கையில் இல்லாத காலத்தில் நாட்டுக்குச் சட்டம் எழுதினார்கள்.

அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு, சென்னைத் தமிழர் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரனும் இல்லை. வரலாறு தெரியாவிட்டால் மிஞ்சிய பெயர்கூட வேறு பொருள் தரத் தொடங்கிவிடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நம் பக்கம் வந்தவர்களும் குறைவாகச் செய்யவில்லை. சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் பினாங்கில் ஈஸ்டர்ன் ஹோட்டலைத் தொடங்கினார்கள். அதுவே பிறகு புகழ்பெற்ற இ அண்ட் ஓ ஆனது. 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். சிங்கப்பூரின் தேசிய மலருக்கு ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் பெயர். 1835-இல் எழுந்த அவர்களின் தேவாலயம் இன்றும் அங்கே தேசிய நினைவுச் சின்னமாக நிற்கிறது.

கல் உடைந்தது, படம் மிஞ்சியது

ஜுல்பாவில் அவர்கள் விட்டு வந்த கல்லறைத் தோட்டத்தில் 'கச்கார்' எனப்படும் சிலுவைக் கற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் கொடியும் பூவுமாகக் கையால் செதுக்கியது. அந்த இடம் இன்று அசர்பைஜானின் நக்கிச்செவான் பகுதியில் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதி முதல் 2005 வரை அந்தக் கற்கள் உடைத்து அகற்றப்பட்டன. சீருடை அணிந்தவர்கள் கல்லை உடைக்கும் காட்சி ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து படமாக்கப்பட்டது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அசர்பைஜான் மறுத்தது. ஆனால் அர்காம் அய்வஸ்யான் என்ற ஆய்வாளர் சோவியத் காலத்திலேயே அந்தப் பகுதி முழுவதும் அலைந்து கல் கல்லாகப் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தக் கற்கள் இருந்தன என்பதற்கு இன்று அந்தப் படங்களே சாட்சி.

1915-இல் ஓட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது இன்னொரு சம்பவம் நடந்தது. மூஷ் நகர மடத்தில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலில் எழுதப்பட்ட ஒரு பெரிய சுவடி இருந்தது. எடை சுமார் 28 கிலோ. அகதிகளாக ஓடிய இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஒரு பாதி ஆர்மீனியா சேர்ந்தது. மறு பாதி வழியில் புதைக்கப்பட்டுப் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. எரேவானில் உள்ள மாத்தெனதாரன் சுவடிக் காப்பகம் அதைப் பாதுகாத்து வருகிறது.

ஆவணம் இருந்தால் எல்லாம் காப்பாற்றப்படும் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் அசர்பைஜான் ராணுவம் நகோர்னோ-கராபாக்கைக் கைப்பற்றியதும், 1 லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் சில நாள்களில் வெளியேறினார்கள். ஷுஷா நகரில் ஒரு பழைய தேவாலயம் தரைமட்டமானதை 2024-இல் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1990-களின் போரில் லட்சக்கணக்கான அசர்பைஜானியரும் வீடு இழந்தார்கள், அவர்களின் அக்தாம் நகரம் இடிபாடானது. மக்கள் வெளியேறிய ஊரில் அவர்களின் அடையாளத்தைக் காப்பாற்ற ஆள் இருப்பதில்லை. எந்த இனத்துக்கும் இதுதான் நிலை.

நம் கையில் என்ன இருக்கிறது?

நாம் போரில் ஊரை இழக்கவில்லை. தோட்டம் கைமாறியது, துண்டாடப்பட்டது, நாம் வெளியேறினோம். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆர்மீனியர்கள் பணத்தோடு வந்த வணிகர்கள்; நிலம் வாங்கித் தேவாலயம் கட்டினார்கள். நம் பாட்டன் பூட்டன் கங்காணி வழி வந்த தொழிலாளர்கள். துரை அனுமதித்த இடத்தில் சாமியை வைத்தார்கள். நிலப் பத்திரம் தங்களுக்கு வேண்டும் என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. தோட்டத்து ஆலயச் சிக்கல்களின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

நகரத்திலும் இதே கதைதான். 2025-இல் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் உள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் செய்தியானது. 130 ஆண்டுப் பழமை கொண்டது என்று சொல்லப்படும் அந்த ஆலயம் நின்ற நிலம் 2014-லேயே தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அருகிலேயே மாற்று இடம் என்று முடிவானது. பழமையை எல்லாரும் பேசினோம், ஆனால் பட்டா யார் பெயரில் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. ஆலய நிர்வாகங்கள் நிலத்தின் நிலையை நில அலுவலகத்தில் இன்றே தேடிப் பார்க்க வேண்டும். சிக்கல் வந்த பிறகு தேடினால் காலம் கடந்துவிடும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால், சட்டமன்ற உறுப்பினரிடம் ஆவணத்தோடு போனால்தான் பேச்சுக்கு எடை இருக்கும். 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் ஓர் இடத்தை மரபுச் சின்னமாக்க யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது வேலைக்கு எந்த அலுவலகமும் தேவையில்லை. கிராணி கையெழுத்திட்ட பழைய சம்பளச் சீட்டு, லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், திருவிழா நோட்டீஸ், பள்ளிச் சேர்க்கைப் பதிவு – இவை நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. வீடு மாறும்போது குப்பைக்குப் போவதும் இவைதான். ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வைக்கலாம். ஒரு நகலைத் தமிழ்ப்பள்ளிக்கோ ஆலயத்துக்கோ கொடுத்து வைக்கலாம். பால் மரம் வெட்டிய தலைமுறையில் பலர் இப்போதே எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கேட்க வேண்டியதை இந்த ஆண்டே கேட்டுவிடுவோம்.