பூலித்தேவன் தலையில் ஜிகினா எதற்கு?

ஆகஸ்டு 15 நெருங்கினால் சங்கரன்கோவிலில் பல வீடுகளில் ஒரே பரபரப்பு. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி! பையன் பூலித்தேவன் வேஷம் கட்ட வேண்டும்.

அப்பா வாடகைக் கடைக்கு ஓடுகிறார். ஜிகினா ஒட்டிய கிரீடம் வருகிறது. அது பையன் தலைக்குப் பெரிசு. ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்தபடியே வசனம் பேசுகிறான், பாவம்!

போர்க்களம் கண்டவனுக்குக் கல்யாண மாப்பிள்ளை ஜொலிப்பு எதற்கு?

பூலித்தேவன் வேறு யாரோ அல்ல. பக்கத்து நெற்கட்டும்செவலை ஆண்டவர். 1755-ல் நவாபுக்காகக் கப்பம் கேட்டு வந்த கர்னல் ஹெரான் படைக்குப் பணியாதவர். 1761-ல் யூசுப்கான் கோட்டையைப் பிடித்தான். சங்கரநாராயணர் கோவிலுக்குள் போய் அவர் மறைந்தார் என்பது ஊர் நம்பிக்கை. கோவிலில் அவர் பெயரால் ஓர் அறையே இருக்கிறது.

அப்படிப்பட்டவர் வேஷத்துக்கு அடிபட்ட தலைக்கவசம்தான் பொருத்தம். அதை வீட்டிலேயே செய்யலாம். பழைய அட்டைப்பெட்டியும் பேப்பரும் போதும்.

பையன் தலையை நூலால் அளந்து, ஒரு விரல் கூட்டி, அட்டைப் பட்டை வெட்ட வேண்டும். நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு பட்டை, காதுக்குக் காது ஒரு பட்டை. இடைவெளியை இலை வடிவ அட்டைத் துண்டுகளால் மூட வேண்டும். மேலே, கிழித்த பேப்பரை மைதாப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காயணும், அவசரப்பட்டால் தொளதொளத்துவிடும்.

பிறகு அங்கங்கே லேசாகக் கீறி, முழுக்கக் கறுப்பு பூச வேண்டும். காய்ந்ததும், வெள்ளி பெயிண்டில் தொட்ட பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் தேய்த்தால் போதும். பள்ளத்தில் கறுப்பு நிற்கும். ஓரங்களில் கொஞ்சம் செங்காவி தடவினால் துரு! தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இரும்பு என்றே சத்தியம் செய்வார்கள்.

வாடகைக் கடைக்காரரும் பிழைக்க வேண்டியவர்தான். சட்டை, வாள், இடைக்கச்சையை அங்கேயே எடுக்கலாம். மறுநாள் திருப்பிக் கொடுத்தும் விடலாம். தலைக்கவசம் மட்டும் வீட்டில் தங்கட்டும்.

கடைசியாக ஒன்று. காவி தடவும் வேலையைப் பையனிடமே விடுங்கள். "இந்த வெட்டு எப்படிப்பா விழுந்தது?" என்று கேட்பான். அப்போது சொல்வதற்கு அப்பாவுக்கு 1755-ன் கதை தெரிந்திருக்கணும்!