அத்தை எழுதிய மொய்

கல்யாணப் பத்திரிகை வந்தால் நாம் முதலில் தேதியைப் பார்ப்போம். என் அம்மா மொய் நோட்டை எடுப்பார். "அரியலூர்க்காரங்க உன் காதுகுத்துக்கு 51 ரூபா எழுதியிருக்காங்கடா" என்பார். அன்றைய 51-க்கு இன்று 501 ஆவது வைக்க வேண்டாமா? வட்டி இல்லை, பத்திரம் இல்லை, யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஆனால் திருப்பிச் செய்யாவிட்டால் சபையில் தலைநிமிர முடியாது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் மக்கள் சாவு வீட்டில் இப்படித்தான் பணம் கொடுக்கிறார்கள். அங்கேயும் நோட்டு, அங்கேயும் மைக்கில் பெயர் வாசிப்பு!

சரி, விசேஷமே இல்லாத வீட்டுக்கு மொய் எப்படித் திரும்பும்? புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடியில் மொய் விருந்து என்றே கறிச்சோறு போட்டு வசூலிப்பார்கள். எங்கள் ஊரில் அது கிடையாது.

செந்துறை பக்கத்தில் என் அத்தை இருக்கிறார். பிள்ளை இல்லை, மாமாவும் போய்விட்டார். கொஞ்சம் முந்திரிக்காடுதான் பிழைப்பு. எங்கள் நோட்டில் மட்டும் ஏழு இடத்தில் அவர் வீட்டு மொய் இருக்கிறது, எல்லாமே மாமா பெயரில். போன ஐப்பசி மழையில் வீட்டு ஓடு சரிந்தது. அம்மா பணத்தோடு போனார். "நான் என்ன பிச்சையா கேட்டேன்?" என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மா விடுவாரா? கடனை உடனை வாங்கி அத்தை ஓடு மாற்றி முடித்ததும், "அண்ணி, புது ஓடு போட்டா பால் காய்ச்சணும்" என்று நாள் குறித்தார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன். வாசலில் ஒரு மேசை, 40 பக்க நோட்டு, எழுத நான். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். ஓட்டுக் கடன் அடைந்தது. அத்தை ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எல்லோருக்கும் கேசரி வைத்தார்.

அந்த நோட்டை இப்போது அவர்தான் வைத்திருக்கிறார். மறு மாதமே ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். 201 ரூபாய். மாமா பெயரைச் சொல்லாமல், தன் பெயரையே எழுதச் சொன்னாராம்.