வாழைத்தாருக்கு மெத்தை, டிரைவருக்குத் தகரமா?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ மகாராஜ நகர் உழவர் சந்தை பக்கமோ காலையில் போகிறவர்கள் அடுத்த தடவை ஒரு காரியம் செய்யுங்கள். சரக்கு இறக்கிக்கொண்டு நிற்கும் வேன் ஏதாவது ஒன்றின் டிரைவர் கதவை உள்பக்கமாக எட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் பெயின்ட் அடித்த தகரம் அப்படியே பல்லிளிக்கும். சிலதில் அட்டை மாதிரி ஒரு டோர் பேட் இருக்கும். அதுவும் மழைத்தண்ணி குடித்து ஊதி, கிளிப் எல்லாம் கழன்று, கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.

அப்படியே பின்பக்கம் போய்ப் பாருங்கள். சரக்கு ஏற்றும் இடத்தில் பிளைவுட் அடித்திருக்கும். அதற்கு மேலே வாழைச்சருகோ சாக்கோ விரித்திருக்கும். களக்காட்டிலிருந்து வருகிற வாழைத்தார் நசுங்கினால் மண்டியில் விலை குறைந்துவிடும் அல்லவா? அதனால் அதற்கு மெத்தை. டிரைவரின் கை சுட்டால் யாருக்கும் பத்து பைசா நஷ்டமில்லை. அதனால் அவருக்குத் தகரம்!

சொல்ல வந்த விஷயம் இதுதான். சரக்கு வேனுக்கு நல்ல டோர் பேட் போடுவது ஒருத்தர் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தைச் சரிசெய்கிற வேலை. அதை அலங்காரம் என்று சொல்லித் தட்டிக் கழிப்பது அநியாயம். அந்தச் செலவை டிரைவர் தலையில் கட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

வழக்கமான உரையாடல் எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, கதவுக்கு ஒரு பேட் போட்டுத் தாங்க. கை வைக்க முடியல."

"ஏம்ல, மெத்தை போட்டுக்கிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கா போகப் போற? சரக்கு வண்டில இது!"

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. டிரைவர் அடுத்த மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, குஷன் கடையில் ரெக்சின் துண்டு வாங்கி ஒட்டிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியே, "பார்த்தியா, பயலுக்கு வசதி வந்துட்டு" என்பார்.

கை சுடுவது சும்மா பேச்சு இல்லை. கொஞ்சம் திசையை யோசித்துப் பாருங்கள். நம் நாட்டு வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். நெல்லையிலிருந்து கயத்தாறு, கோவில்பட்டி வழியாக மதுரைக்குப் போகும் நாலுவழிச் சாலை வடக்குப் பார்த்துப் போகிறது. காலையில் சரக்கோடு போகும்போது வலது பக்கம் கிழக்கு, வெயில் டிரைவர் கதவில். சாயங்காலம் திரும்பி வரும்போது வலது பக்கம் மேற்கு, மறுபடியும் வெயில் டிரைவர் கதவில். போகும்போதும் வரும்போதும் சூரியன் அதே கதவைத்தான் காய்ச்சுகிறது. கோடையில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும் பட்டியலில் பாளையங்கோட்டை பெயர் எத்தனை தடவை வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உடனே ஒரு புத்திசாலி கேட்பார்: "கதவுக்குப் பேட் போட்டால் வண்டி ஏ.சி. ஆகிவிடுமா?" ஆகாது. முன்கண்ணாடி வழியாக வரும் வெயிலை டோர் பேட் தடுக்காது. ஆம்னி மாதிரி வண்டியில் இன்ஜினே சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்தச் சூட்டையும் தடுக்காது. ஆனால் முழங்கையும் முட்டியும் உரசும் தகரத்தின் சூடு, காலிக் கதவு எழுப்பும் தடதட சத்தம், மழையில் உள்ளே வழியும் தண்ணி, இந்த மூன்றையும் ஒழுங்கான பேட் குறைக்கும். முழுசாகத் தீராது என்பதற்காகக் கொஞ்சம்கூடத் தீர்க்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. 2023 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்றது. நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனால் அது என்-2, என்-3 வகை வண்டிகளுக்கு மட்டும். அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் வண்டிகளுக்கு. மூன்றரை டன் வரைக்குமான என்-1 வகை அதில் இல்லை. பாளையங்கோட்டைத் தெருக்களில் ஓடும் சரக்கு வேனும் குட்டியானையும் அந்த என்-1தான். லாரி டிரைவருக்கு வியர்க்குமாம், வேன் டிரைவருக்கு வியர்க்காதாம்!

இது புதுப் பழக்கம் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டம் வேலையிடத்தில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பமும் வேண்டும் என்றது. ஆனால் அது ஃபாக்டரிக்கு. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் எட்டியது. ஒரு முதலாளி, ஒரு வண்டி, ஒரு டிரைவர் என்று ஓடுகிற தொழில் எப்போதும் வலைக்கு வெளியேதான் நின்றது. பெரிய மீனுக்குச் சட்டம், சின்ன மீனுக்குச் சமாளிப்பு.

கம்பெனிகளையும் சும்மா விட வேண்டாம். ஆம்னி 1984-ல் வந்து 2019 வரைக்கும் ஓடியது. டாடா ஏஸ் 2005-ல் வந்தது, தமிழ்நாட்டுக்காரர்கள் அதற்குக் குட்டியானை என்று செல்லப்பெயரே வைத்தார்கள். இந்த வண்டிகளால் எத்தனையோ குடும்பங்கள் நிமிர்ந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் சரக்கு வண்டி என்றாலே "எதை எடுத்துவிட்டால் விலை குறையும்" என்ற கணக்குதான் முதலில் வருகிறது. பயணி மாடலில் இருக்கும் சீட்டை எடுக்கலாம், அங்கே ஆள் உட்காரப் போவதில்லை. ஆனால் டிரைவர் இரண்டு மாடலிலும் உட்காருகிறாரே? குடும்பத்தோடு குற்றாலம் போகிறவர் ஒரு நாள் தொடும் கதவுக்குத் துணி. வருஷம் முழுக்க ஓட்டுகிறவர் தொடும் கதவுக்கு வெறும் பிளாஸ்டிக்கோ தகரமோ.

இனி நம் காமர்ஸ் மக்களுக்கான பகுதி. பிளஸ் ஒன் கணக்குப் பதிவியலிலேயே மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? கிழிந்த பேடை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்று போட்டால் அது பழுதுபார்ப்பு, வருவாயினச் செலவு. இல்லாத இடத்தில் புதிதாகப் போட்டு வண்டியை மேம்படுத்தினால் மூலதனச் செலவு, வண்டியின் மதிப்போடு சேரும். எந்தப் பாடப்புத்தகத்திலாவது "டிரைவரின் சொந்தச் செலவு" என்று மூன்றாவது வகை இருக்கிறதா? இல்லையே!

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு இரண்டு முன்கதவுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் ஆகிறது, மூன்று வருஷம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள் ஓடினால் மூன்று வருஷத்துக்கு 936 நாள். ஒரு நாளைக்கு ஆறரை ரூபாய்கூட இல்லை. அந்தக் காசுக்கு வண்ணார்பேட்டையில் ஒரு டீகூடக் கிடைக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 4 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி என்று வைத்தால் வரி 1,12,000-லிருந்து 72,000 ஆகிறது. நாற்பதாயிரம் மிச்சம். ஜி.எஸ்.டி. பதிவு செய்த வியாபாரி இந்த வரியை எப்படியும் உள்ளீட்டு வரவாக எடுத்திருப்பார், அவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்று கிளாஸில் முதல் பெஞ்ச் ஆட்கள் கை தூக்குவது தெரிகிறது :-) சரிதான். ஆனால் பதிவில்லாத ஒற்றை வண்டி முதலாளிக்கு அது நிஜமான மிச்சம். அந்த நாற்பதில் ஆறு கதவுக்குப் போனால் குடி முழுகிவிடாது.

"வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று ஊகமாகக் காட்டித்தான் வரி கட்டுகிறேன், இந்தச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாதே" என்று சில அண்ணாச்சிகள் சொல்லலாம். உண்மை. அந்த முறையில் டீசலையும் டயரையும்கூடத் தனியாகக் கழிக்க முடியாது. அதற்காக டயரை டிரைவரா வாங்கித் தருகிறார்?

டிரைவரே கடன் வாங்கி வண்டி வைத்திருந்தால்? அப்போது அவருக்குள்ளேயே ஒரு முதலாளியும் ஒரு தொழிலாளியும் இருக்கிறார்கள். வாடகை பேசும்போது டயர் தேய்மானத்தைச் சேர்ப்பது போல இதையும் சேர்க்க வேண்டும். மண்டிக்காரர்கள் பேரம் பேசத்தான் செய்வார்கள். அவர்கள் கடையில் ஃபேன் ஓடுகிறது என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தலாம்.

இதுவரை முதலாளிகளுக்கு. இனி டிரைவர் அண்ணன்மாருக்கும் ஒரு குட்டு. கலர் கலராக ரெக்சினை டைமண்ட் தையல் போட்டு, உள்ளே சாதாரண ஸ்பாஞ்சு வைத்து ஒட்டிவிட்டால் அது மேம்பாடு ஆகாது. கதவுக்குள் மழைத்தண்ணி போவது இயல்பு. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டை மண்ணால் அடைத்தால் தண்ணி உள்ளே தேங்கும். ஸ்பாஞ்சு அதைக் குடிக்கும். ஹார்ட்போர்டு ஊதும். தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே டைமண்ட், உள்ளே சாக்கடை!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வெள்ளத்தில் மூழ்கும் வண்டிக்கு இன்ஜினையும் சீட்டையும் பார்த்துவிட்டு, கதவைக் கழற்றாமல் விடுவதுதான் வழக்கம். அந்த மாதிரி வண்டியின் பேடுக்குப் பின்னால் ஆற்று வண்டல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் புது ரெக்சின் ஒட்டினால் புண்ணுக்குப் புனுகு தடவுவதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பழைய பேடைக் கழற்றி, மண்ணைக் கழுவி, அடி ஓட்டைகளைத் திறக்க வேண்டும். துரு இருந்தால் சுரண்டி பிரைமர் அடிக்க வேண்டும். வெளித் தகரத்தின் உள்பக்கம் பியூட்டில் ஷீட் ஒட்டினால் தடதட சத்தம் அடங்கும். மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வேண்டியதில்லை, நடுவில் ஒட்டினாலே தெரியும். அப்புறம் தண்ணி இந்தப் பக்கம் வராதபடி பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் முழுக்க ஒட்ட வேண்டும். தண்ணி குடிக்காத ஃபோம். கடைசியில்தான் பேட். அதுவும் ஊதாத பிளாஸ்டிக் போர்டாக இருந்தால் நல்லது. நீளமான ஸ்க்ரூ போட்டால் உள்ளே இறங்கும் கண்ணாடியில் போய் முட்டும், கவனம்.

"நம்மூர் பத்தமடைப் பாயை வெட்டி ஒட்டலாமே, குளுகுளு என்று இருக்குமே" என்று யாராவது கிளம்புவார்கள். பாய் அருமையான பாய்தான், படுத்துத் தூங்க. வண்டிக்குள் போடும் பொருள் சட்டென்று தீப்பிடித்துப் பரவக் கூடாது. அமெரிக்காவில் 1972-லிருந்தே, வண்டி உள்ளே இருக்கும் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்று விதி இருக்கிறது. இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் காய்ந்த கோரையை ஒட்டுவது வேண்டாத வேலை.

"ஆர்.டி.ஓ. பிடிப்பாரே" என்பது கடைசி அஸ்திரம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுப்பது வண்டியின் கட்டமைப்பை மாற்றி அடிப்படை அம்சத்தையே மாற்றுவதை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எதையும் டோர் பேட் மாற்றுவதில்லை. கொடுக்க மனமில்லாதவருக்குத்தான் திடீரென்று சட்டம் ஞாபகம் வரும்.

2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவர்களில் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' பார்த்தவர்களுக்குத் தெரியும். "வேலைக்கு வந்தவனுக்கு எதுக்கு நாற்காலி" என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். நாற்காலி வந்தது, எந்தக் கடையும் அதனால் மூடப்படவில்லை.

என்-1 வண்டிக்கும் ஒரு நாள் விதி வரட்டும். தகரம் தெரியாத, தண்ணி புகாத கதவு கம்பெனியிலிருந்தே வரட்டும். அதுவரைக்கும் வாழைத்தாருக்குச் சருகு வாங்கும்போது, அதே பில்லில் டிரைவர் கதவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. அந்தத் தாரை நசுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பவர் அவர்தான்.

பி.கு.: பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் லோடுமேனுக்கும் கை உண்டு. ஒரு கதவுக்கு மட்டும் போட்டுவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டாம் :-)